க்ளாக்வாட் சவுண்ட்: 850 பேர் கைதானாங்க, ஆனா காட்டோட கதையை மாத்தினது ஒரு லைசன்ஸ் காகிதம்

கனடாவுல க்ளாக்வாட் சவுண்ட்னு ஒரு பழங்காடு, அதை மரக்கம்பெனி வெட்டக் கூடாதுன்னு நடந்த போராட்டம்தான் இந்த கேஸ். இதை பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் 1993லதான் ஆரம்பிப்பாங்க. பாலத்து மேல உக்காந்திருந்த பாட்டிங்க, காலேஜ் பசங்க, அவங்களை குண்டுக்கட்டா தூக்கிட்டு போற போலீஸ், போட்டோ நல்லா வந்திருக்கு, அதனால கதையும் அங்கயே ஆரம்பிச்சு அங்கயே முடிஞ்சிடும். நான் ஒம்போது வருஷம் முன்னாடி போறேன், ஏன்னா இந்த கேஸோட முடிச்சு விழுந்தது அங்கதான்.

1984 நவம்பர் 21. கனடாவோட மேற்கு கடைசியில வான்கூவர் தீவு, அதுக்கும் மேற்கு கரையில டொஃபினோன்னு ஒரு சின்ன ஊரு, அதுக்கு எதிர்த்தாப்புல, க்ளாக்வாட் சவுண்டுக்குள்ளயே மீர்ஸ் தீவு. அன்னைக்கு மேக்மில்லன் ப்ளோடெல் கம்பெனி ஆளுங்க (இனிமே எம்பின்னே சொல்றேன், அங்கயும் அப்படித்தான் சொல்வாங்க) மரம் வெட்ட ரம்பத்தோட படகுல வந்து இறங்குறாங்க. கரையில அந்த மண்ணோட பழங்குடி க்ளா-ஓ-க்வி-அட் மக்கள் நிக்கிறாங்க, அவங்க தலைவர் மோசஸ் மார்ட்டின் முன்னாடி நிக்கிறார். கத்தல, கல்லெடுத்து அடிக்கல. இது எங்க தோட்டம், ரம்பத்தை கீழ வெச்சுட்டு விருந்தாளியா வர்றதா இருந்தா வாங்க, ஆனா ஒரு மரம் கூட வெட்ட விடமாட்டோம்னு சொல்லிட்டார். அதுக்கு ஏழு மாசம் முன்னாடியே, ஏப்ரல்ல, அந்த தீவை அவங்க ட்ரைபல் பார்க்னு, அதாவது பழங்குடி பூங்கான்னு, அறிவிச்சிருந்தாங்க. கவர்மெண்ட் அதை ஒரு பொருட்டாவே எடுத்துக்கல.

இங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு. "மரம் பாவம், வெட்டாதீங்க"ன்னு அவர் சொல்லல. "இது எங்களுது"ன்னு சொன்னார். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த முழு ஆய்வும்.

அப்படி என்ன காடு அது

முதல்ல பேரு. சவுண்டுன்னா சத்தம் இல்ல, கடல் நிலத்துக்குள்ள நீளநீளமா கைய நீட்டி புகுந்திருக்கிற இடத்துக்கு அந்த பேரு. நிலம் மட்டும் சுமார் 2,60,000 ஹெக்டேர். நூ-சா-நுல்த் மக்கள்ல அஹௌஸாட், ஹெஸ்குவியாட், க்ளா-ஓ-க்வி-அட்னு மூணு பிரிவு இங்க ஆயிரக்கணக்கான வருஷமா இருக்காங்க. டொஃபினோவுல வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல மழை. பசிபிக்லருந்து வர்ற ஈரக்காத்து மலையில முட்டி அப்படியே கொட்டிடும். குளிரும் ரொம்ப கடுமை இல்ல, வெயிலும் கடுமை இல்ல. மழைக்காடுன்னாலே நமக்கு அமேசான் மாதிரி புழுக்கம்தான் ஞாபகம் வரும், இது குளிர்ந்த மழைக்காடு, உலக நிலப்பரப்புல ஒரு சதவீதம் கூட கிடையாது இந்த வகை.

காட்டுத்தீ இங்க ரொம்ப அபூர்வம், அதனால மரம் தன் ஆயுசை முழுசா வாழுது. வெஸ்டர்ன் ரெட் சீடர் ஆயிரம் வருஷத்துக்கு மேல நிக்கும், மீர்ஸ் தீவுல தொங்கும் தோட்டம்னு பேர் வெச்சிருக்கிற ஒரு சீடரோட சுற்றளவு 18 மீட்டருக்கு மேல, அதோட கிளையிலயும் பொந்துலயும் வேற மரமே முளைச்சு நிக்குது, பேருக்கு காரணம் அதுதான். கூடவே ஹெம்லாக், சிட்கா ஸ்ப்ரூஸ், அமாபிலிஸ் ஃபர். ஒரு பெரிய மரம் விழுந்தா அது மக்கி முடிய நூத்துக்கணக்கான வருஷம் ஆகும், அதுவரைக்கும் அந்த மரத்து மேலயே அடுத்த தலைமுறை கன்னு வரிசையா முளைச்சு வளரும். காட்டுக்குள்ள சில மரங்க நூல் பிடிச்ச மாதிரி ஒரே வரிசையில நிக்குதுன்னா கீழ ஒரு பழைய மரம் படுத்திருந்துச்சுன்னு அர்த்தம்.

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் சால்மன் மீன். கடல்ல வளர்ந்த மீன் முட்டையிட ஆத்துல ஏறி வருது, கரடி அதை பிடிச்சு காட்டுக்குள்ள இழுத்துட்டு போய் பாதி தின்னுட்டு போட்டுடுது, மிச்சம் மண்ணுல கலந்து மரத்துக்கு உரமாகுது. இது கவிதை இல்ல, கடல்லருந்து வர்ற நைட்ரஜனுக்கு ஒரு தனி அடையாளம் இருக்கு, அதை மரத்தோட வளையத்துலயே அளந்து பாத்திருக்காங்க, விக்டோரியா யுனிவர்சிட்டியோட டாம் ரைம்கன் இதுல நிறைய வேலை பண்ணவர். அப்ப இதை திருப்பி போட்டு பாருங்க. செங்குத்தான மலைச்சரிவுல ஒட்டுமொத்தமா மொட்டையடிச்சா, அவ்வளவு மழையில மண்ணு சரிஞ்சு ஆத்துல இறங்கும், சால்மன் முட்டையிடுற கூழாங்கல் படுகை சேறாயிடும், மீன் குறையும், மீன் குறைஞ்சா காட்டுக்கு உரம் குறையும். அப்புறம் மார்பிள்ட் மர்ரலட்னு ஒரு கடல் பறவை, சாப்பாடு கடல்ல, ஆனா முட்டையிடுறது கிழட்டு மரத்தோட பாசி படிஞ்ச பருத்த கிளையில. 60 வருஷ மரத்துல அந்த கிளையே இருக்காது. கம்பெனிக்காரங்க "ஒண்ணு வெட்டினா ஒண்ணு நடுறோம்"னு சொன்னது பொய் இல்ல, நட்டாங்கதான். நட்டது மரம், போனது காடு.

லைசன்ஸ்

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல காட்டு நிலம் பெரும்பாலும் அரசாங்க நிலம்னு கணக்கு. கம்பெனிக்கு நிலத்தை விக்கறதில்ல, ட்ரீ ஃபார்ம் லைசன்ஸ்னு ஒண்ணு கொடுப்பாங்க, சுருக்கமா டிஎஃப்எல். குறிப்பிட்ட பரப்புல பல வருஷத்துக்கு வெட்டுற உரிமை உனக்கு மட்டும், பதிலுக்கு நீ காட்டை "நிர்வாகம்" பண்ணணும். 1940கள் கடைசியில வந்த முறை. ஆரம்பத்துலயே நாறிப் போச்சு, இந்த லைசன்ஸ் விவகாரத்துல லஞ்சம் வாங்கின கேஸ்ல வனத்துறை மந்திரியா இருந்த ராபர்ட் சோமர்ஸ் 1958ல ஜெயிலுக்கே போனார். வேலியே பயிரை மேஞ்ச கதைன்னு சும்மாவா சொல்றோம்.

ஆனா அடிப்படை ஓட்டை வேற இடத்துல. கனடாவோட பல பகுதியில பழங்குடி மக்களோட ஒப்பந்தம் போட்டு (அது நியாயமான ஒப்பந்தமாங்கிறது வேற பேச்சு) நிலத்தை வாங்கினதா ஒரு காகிதமாவது இருக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவுல பெரும்பாலான இடத்துக்கு அது கூட கிடையாது. நூ-சா-நுல்த் மக்கள் நிலத்தை யாருக்கும் எழுதி கொடுக்கல, விக்கல, போர்ல தோக்கல. அப்ப அரசாங்கம் கம்பெனிக்கு கொடுத்த லைசன்ஸ் எந்த அதிகாரத்துல கொடுத்தது? வீட்டுக்காரனை கேக்காம வீட்டை வாடகைக்கு விட்ட மாதிரிதான். மோசஸ் மார்ட்டின் கரையில நின்னு கேட்டது இந்த கேள்வியைத்தான்.

எம்பி கோர்ட்டுக்கு போச்சு, தடுக்கிறவங்களுக்கு எதிரா உத்தரவு வேணும்னு. க்ளா-ஓ-க்வி-அட், அஹௌஸாட் மக்களும் போனாங்க, வெட்டுறதுக்கு தடை வேணும்னு. கீழ்க்கோர்ட்ல பழங்குடி தரப்பு தோத்துச்சு. 1985 மார்ச் 27ல மாகாண அப்பீல் கோர்ட் 3க்கு 2ன்னு அதை புரட்டிப் போட்டுச்சு. நீதிபதி சீட்டன் எழுதினதோட சாரம், இந்த மக்கள் தலைமுறை தலைமுறையா நிலம் எங்களுதுன்னு கேட்டுட்டே இருக்காங்க, அந்த கோரிக்கையை விசாரிச்சு தப்புன்னு தள்ளல, விசாரிக்கவே இல்ல, இப்ப மரத்தை வெட்டிட்டு அப்புறம் கேஸ்ல ஜெயிச்சா கையில என்ன மிஞ்சும். அதனால உரிமை கேஸ் முடியற வரைக்கும் மீர்ஸ் தீவுல ரம்பம் வைக்கக் கூடாது.

சாட்சியா எதை காமிச்சாங்கங்கிறது இன்னும் அழகு. சீடர் மரத்துலருந்து பட்டையை நீளமா உரிச்சு கூடை, கயிறு, துணி பண்றது அவங்க வழக்கம், மரம் சாகாத அளவுக்குத்தான் உரிப்பாங்க, தழும்பு நிக்கும். தழும்பை சுத்தி வளர்ந்த வளையத்தை எண்ணினா எந்த வருஷம் உரிச்சதுன்னு தெரிஞ்சிடும். எழுதி வெச்ச பட்டா இல்லாதவங்களுக்கு அந்த மரமே பட்டாவா நின்னுச்சு.

1993

மீர்ஸ் தப்பிச்சது, மத்த இடத்துல வெட்டு நடந்துட்டே இருந்துச்சு. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் க்ளாக்வாட் சவுண்ட்னு டொஃபினோ ஆளுங்க அமைப்பு, 1988ல சல்ஃபர் பாசேஜ்ல மறியல், நடுவுல கமிட்டி மேல கமிட்டி, எதுவும் ஒத்து வரல. 1993 ஏப்ரல் 13ல முதல்வர் மைக் ஹார்கோர்ட் முடிவை அறிவிச்சார். மூணுல ஒரு பங்கு பாதுகாப்பு, சுமார் 62 சதவீதம் ஏதோ ஒரு வகையில வெட்டலாம். மெகின் ஆத்துப் பள்ளத்தாக்கு முழுசா காப்பாத்தப்பட்டது நிஜமாவே பெரிய விஷயம், அதை மறைக்கக் கூடாது. ஆனா அதே வருஷம் தொடக்கத்துல மாகாண அரசாங்கம் எம்பி கம்பெனியோட ஷேரை கோடிக்கணக்கான டாலருக்கு வாங்கி வெச்சிருந்தது வெளிய வந்துச்சு. முதலீட்டுத் துறை வேற, காட்டு முடிவு வேற, சம்பந்தமில்லன்னாங்க. சம்பந்தம் இல்லாமலே இருக்கலாம், ஆனா யார் நம்புவா?

ஜூலை மாசம் மறியல் ஆரம்பிச்சுது. கென்னடி ஆத்துப் பாலம், விடியக்காலை, லாரி வரும், ஜனங்க ரோட்டுல உக்காருவாங்க, ரோட்டை மறிக்கக் கூடாதுங்கிற கோர்ட் உத்தரவை சத்தமா படிப்பாங்க, நகராதவங்களை தூக்குவாங்க, மறுநாள் மறுபடியும் அதே. கேம்ப் போட்ட இடம் ஏற்கனவே மொட்டையடிச்சு எரிஞ்சு கருகிக் கிடந்த நிலம், ப்ளாக் ஹோல்னே பேரு. மிட்நைட் ஆயில்னு ஆஸ்திரேலியா ராக் பேண்ட் வந்து அங்க கச்சேரி பண்ணுச்சு. ஆகஸ்ட் 9 ஒரே நாள்ல 300 பேர் கிட்ட கைது. அந்த சீசன்ல வந்து போனவங்க 12,000 பேர்னு கணக்கு சொல்றாங்க, கைது 850க்கு மேல. பார்லிமெண்ட் மெம்பர் ஸ்வெண்ட் ராபின்சனும் அதுல ஒருத்தர், 14 நாள் உள்ள போட்டாங்க.

கோர்ட்ல நடந்ததுதான் பாடம். இவங்க மேல போட்டது அத்துமீறி நுழைஞ்ச கேஸ் இல்ல, கோர்ட் அவமதிப்பு. அப்ப காடு, சால்மன், மண்சரிவுன்னு என்ன பேசினாலும் கோர்ட்டுக்கு தேவையில்ல, உத்தரவு தெரியுமா, தெரிஞ்சு உக்காந்தியா, ரெண்டு கேள்விதான். கும்பல் கும்பலா விசாரிச்சு முதல் பேட்சுக்கு 45 நாள் ஜெயில், மேல அபராதம். 1985ல அதே மாகாணத்து கோர்ட் காட்டு பக்கம் நின்னுது, 1993ல கம்பெனி பக்கம் நின்னுது. நீதிபதிங்க மாறிட்டாங்கன்னு சொல்றதை விட கேட்ட கேள்வி மாறிடுச்சுன்னு சொல்லலாம். முதல்ல கேட்டது "இது யாருது", ரெண்டாவதுல அந்த கேள்வியை கேக்கவே இடமில்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதை எழுதாம விட்டா இது ஆய்வு இல்ல. பக்கத்து ஊரு யுக்லூலெட் மரம் வெட்டுற ஊரு. தலைமுறையா அதே பொழப்பு, வீட்டுக்கடன், பசங்க ஸ்கூல் எல்லாம் அந்த சம்பளத்துல. நகரத்துலருந்து கார் போட்டு வந்து "வெட்டாதே"ன்னு பாட்டு பாடிட்டு திங்கக்கிழமை ஆபீஸ் போறவங்களை பாத்தா அவங்களுக்கு எப்படி இருக்கும். கோவம் எல்லை மீறி மறியல்காரங்க இருந்த இடத்து பக்கம் 200 லிட்டர் மனுஷ மலத்தை கொண்டு வந்து கொட்டினாங்க. அசிங்கம்தான். ஆனா அந்த ஆளுங்க வேலைக்கு மாத்து என்னன்னு அந்த சீசன்ல யாரும் உருப்படியா பேசல, அது மறியல் தரப்போட பெரிய ஓட்டைன்னு நான் நினைக்கிறேன்.

அப்ப எது வேலை செஞ்சுது

ரெண்டு விஷயம். ஒண்ணு, ஏப்ரல் முடிவை எடுக்கும்போது பழங்குடி மக்களை ஒழுங்கா கலந்து பேசலன்னு மாகாண ஒம்பட்ஸ்மனே (அரசாங்கத்து மேல வர்ற புகாரை விசாரிக்கிற அதிகாரி) அந்த வருஷக் கடைசியில சொல்லிட்டாங்க. மீர்ஸ் தீர்ப்பு வேற தலைக்கு மேல தொங்குது, இன்னொரு பள்ளத்தாக்குக்கும் அதே மாதிரி கேஸ் போட்டா என்ன ஆகும்ங்கிற பயம். 1994 மார்ச்ல அரசாங்கத்துக்கும் நூ-சா-நுல்த் மக்களுக்கும் இடைக்கால ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, பாதிக்கு பாதி நூ-சா-நுல்த் ஆளுங்க உக்காந்த ஒரு போர்டு, வெட்டுத் திட்டம் எல்லாம் அந்த டேபிள் வழியாதான் போகணும். பாலத்துல கைதானவங்க பட்டியல் நீளம், ஆனா டேபிள்ல நாற்காலி வாங்கினது நிலம் எங்களுதுன்னு சொன்னவங்க.

ரெண்டாவது, வாங்குறவன். க்ரீன்பீஸ் மாதிரி சுற்றுச்சூழல் அமைப்புங்க ரோட்டை விட்டுட்டு கம்பெனியோட கஸ்டமர் லிஸ்டை கையில எடுத்தாங்க. இந்த ஆயிரம் வருஷ மரம் கடைசியில என்ன ஆகுதுன்னு பாத்தா பலகை, பேப்பர், டெலிபோன் டைரக்டரி, டிஷ்யூ. 1994ல பிரிட்டன்ல ஸ்காட், கிம்பர்லி-க்ளார்க் ரெண்டு டிஷ்யூ கம்பெனியும் எம்பிகிட்ட வாங்குறதை நிறுத்திட்டாங்க. மூக்கு துடைக்கிற காகிதத்துக்கு இந்த காடான்னு லண்டன்ல ஒருத்தர் கேட்டா, அது பாலத்துல 100 பேர் உக்காந்ததை விட கம்பெனி போர்டு மீட்டிங்ல அதிகமா கேட்டுச்சு. உக்காந்தவங்க இல்லன்னா லண்டன்ல யாருக்கும் பேரே தெரிஞ்சிருக்காது, அதையும் ஒத்துக்கணும்.

நடுவுல அரசாங்கம் போட்ட விஞ்ஞானிகள் குழு. பொதுவா பிரச்சனையை ஆறப்போடத்தான் கமிட்டி போடுவாங்க, இது அப்படி ஆகல. காட்டு உயிரியல் நிபுணர் ஃப்ரெட் பன்னல் ஒரு பக்கம், அஹௌஸாட் பரம்பரைத் தலைவர் ரிச்சர்ட் அட்லியோ இன்னொரு பக்கம், ரெண்டு பேரும் இணைத் தலைவர், நூ-சா-நுல்த் பெரியவங்களும் மெம்பர். அவங்க மொழியில "ஹிஷுக் இஷ் சவாக்"னு ஒரு சொல், எல்லாம் ஒண்ணுங்கிறது அர்த்தம், ரிப்போர்ட்டுக்கு அதுதான் அஸ்திவாரம். கேக்க சாமியார் பேச்சு மாதிரி இருக்கும், ஆனா அதை நம்பரா மாத்தினாங்க பாருங்க. அதுவரைக்கும் கணக்கு எப்படின்னா இந்த வருஷம் இத்தனை கனமீட்டர் மரம் வேணும், எங்கருந்து எடுக்கலாம். குழு அதை தலைகீழா திருப்புச்சு. முதல்ல எதை விடணும்னு முடிவு பண்ணு, ஆத்தங்கரை, சரியற சரிவு, பறவை இருக்கிற இடம், தழும்பு மரம், புனித இடம், எல்லாம் ஒதுக்கினப்புறம் மிச்சம் என்னவோ அதுல எடு. 500 ஹெக்டேருக்கு மேல இருக்கிற பள்ளத்தாக்குல 5 வருஷத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல வெட்டக் கூடாது. முக்கியமான இடத்துல வெட்டினாலும் 70 சதவீத மரமாவது நிக்கணும், மத்த இடத்துல 15 சதவீதமாவது. 120க்கு மேல பரிந்துரை, 1995ல அரசாங்கம் அத்தனையையும் ஏத்துக்கிச்சு.

காட்டை மூடுன்னு அந்த ரிப்போர்ட்ல எங்கயும் இல்ல. ஆனா அந்த விதிப்படி வெட்டினா பழைய லாபம் வராது. கம்பெனிக்கு கணக்கு புரிஞ்சுது. 1997ல எம்பி க்ளாக்வாட் வேலையை மூடிடுச்சு, 1998ல பழங்காட்டுல க்ளியர்கட் (ஒட்டுமொத்தமா மொட்டையடிக்கிற) முறையையே படிப்படியா விடுறோம்னு அறிவிச்சுது. அதே வருஷம் நூ-சா-நுல்த் மக்களோட மா-மூக் நிறுவனம் 51, எம்பி 49ன்னு சேர்ந்து ஈஸாக்னு ஒரு கம்பெனி, அவங்க மொழியில மரியாதைன்னு அர்த்தம். எம்பியோட டிஎஃப்எல் 44லருந்து க்ளாக்வாட் பகுதியை பிச்சு டிஎஃப்எல் 57 ஆச்சு, ஈஸாக் கைக்கு போச்சு. எம்பியை வேயர்ஹவுசர் வாங்கி, அவங்களும் 2005ல பங்கை கொடுத்துட்டு விலகினாங்க. இன்னொரு பக்கம் இன்டர்ஃபோர் கம்பெனி வெச்சிருந்த டிஎஃப்எல் 54ம் பின்னாடி மா-மூக் கைக்கே வந்துச்சு. 2000ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம்னு பட்டம் வேற. பட்டம் நல்லா இருக்கு, ஆனா அந்த பட்டத்துக்கு ரம்பத்தை நிறுத்துற சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது.

இங்கதான் சிக்கல் புது ரூபம் எடுக்குது. லைசன்ஸ் கையில வந்தாச்சு, கூடவே லைசன்ஸோட செலவும் வந்தாச்சு. ரோடு போடணும், சம்பளம் கொடுக்கணும், நல்ல எளிதான மரமெல்லாம் முன்னாடி வந்தவன் வெட்டிட்டு போயிட்டான். மிச்சம் இருக்கிற தொடாத பள்ளத்தாக்குல கை வைக்கலாமான்னு பேச்சு வந்தப்ப சுற்றுச்சூழல் அமைப்புங்க பதறினாங்க. நூறு வருஷம் அடுத்தவன் வெட்டி சம்பாதிச்சான், எங்க முறை வரும்போது பூசணிக்காயை உடைச்சு கடையை மூடுன்னா என்ன நியாயம்னு கேட்டா பதில் சொல்றது கஷ்டம்தான். 2015ல அஹௌஸாட் தலைவர்கள் தங்களோட பகுதியில பெரிய அளவு மரவெட்டை நிறுத்தி வைக்கிறோம்னு அறிவிச்சாங்க. வெளிய இருந்து யாரும் வாங்கின தடை இல்ல அது, அவங்களே போட்டது.

ஃபேரி க்ரீக்

இதே தீவுல தெக்கால, போர்ட் ரென்ஃப்ரூ பக்கம், 2020 ஆகஸ்ட்ல ஃபேரி க்ரீக் மறியல் ஆரம்பிச்சுது. டீல்-ஜோன்ஸ் கம்பெனி, டிஎஃப்எல் 46. 2021 ஏப்ரல்ல கோர்ட் உத்தரவு, மே மாசத்துலருந்து கைது, மொத்தம் 1,100 தாண்டி க்ளாக்வாட் ரெக்கார்டையே உடைச்சுது. ஆளுங்க மரத்துல தொங்கினாங்க, ரோட்டுல குழி வெட்டி கையை சிமெண்டுல பூட்டிக்கிட்டாங்க. ஆனா அந்த மண்ணுக்கு சொந்தக்காரங்க பசீடாட் மக்கள், அவங்க தேர்ந்தெடுத்த தலைமை மறியல்காரங்களை கிளம்புங்கன்னு சொல்லிடுச்சு. அவங்களுக்கு சொந்தமா மரமில் இருக்கு, வேற ஒரு டிஎஃப்எல்ல பங்கு இருக்கு, அரசாங்கத்தோட வருமானப் பங்கு ஒப்பந்தம் இருக்கு. அதே சமூகத்து பெரியவர் பில் ஜோன்ஸ் மறியலுக்கு ஆதரவா நின்னார், அதனால "பழங்குடிங்க என்ன சொல்றாங்க"ன்னு ஒத்தை வரியில யாரும் சொல்ல முடியாம போச்சு. கடைசியில 2021 ஜூன்ல பசீடாட், டிட்டிடாட், ஹூ-ஏ-ஆட்னு மூணு பழங்குடி சமூகமும் சேர்ந்து எங்க நிலத்துல என்ன நடக்கணும்னு நாங்கதான் முடிவு பண்ணுவோம்னு பிரகடனம் போட்டு, ரெண்டு வருஷம் வெட்டை தள்ளி வையுங்கன்னு கேட்டாங்க, ஃபேரி க்ரீக்கும் சென்ட்ரல் வால்ப்ரன்ங்கிற இன்னொரு காடும் சேர்த்து சுமார் 2,000 ஹெக்டேருக்கு அரசாங்கம் சரின்னுடுச்சு. இத்தனை மாசம் மறியல் பண்ணி கிடைக்காதது ஒரு கடிதத்துல கிடைச்சுது. மறியல் இல்லாம அந்த கடிதம் வந்திருக்குமான்னா, வந்திருக்காதுன்னுதான் தோணுது. ஆனா கையெழுத்து போட அதிகாரம் இருந்தது அவங்களுக்கு மட்டும்தான்.

திரும்ப க்ளாக்வாட். 2024 ஜூன்ல அஹௌஸாட், க்ளா-ஓ-க்வி-அட் ரெண்டு பேரோடயும் பேசி மாகாண அரசாங்கம் 10 புது பாதுகாப்பு பகுதி அறிவிச்சுது, சுமார் 76,000 ஹெக்டேர், டிஎஃப்எல் 54லருந்து வெட்டி எடுத்தது, மீர்ஸ் தீவு, கென்னடி ஏரி பக்கத்து பழங்காடு உட்பட. லைசன்ஸ் சுருங்கினதுக்கு ஈடு கொடுக்கவும் காட்டை பாத்துக்கவும் நேச்சர் யுனைடெட்னு ஒரு அமைப்பு நன்கொடையா 4 கோடி டாலர் திரட்டுச்சு. அதாவது தன் சொந்த காட்டை வெட்டாம விடுறதுக்கு, ஒரு காலத்துல தன்னை கேக்காம அடுத்தவனுக்கு எழுதி கொடுத்த உரிமையை கைப்பத்தி, அதை விட்டுக்கொடுத்து, காசு வாங்கிக்க வேண்டியிருந்துச்சு. விசித்திரமான கணக்கு. ஆனா இந்த முறை லாரி முன்னாடி யாரும் உக்கார வேண்டியிருக்கல.

மீர்ஸ் தீவு யாருதுங்கிற அந்த மூல கேஸ் என்னாச்சுன்னு கேப்பீங்க. 1991ல விசாரணை ஆரம்பிச்சு பாதியில ஒத்தி வெச்சாங்க, தீர்ப்பே வரல. டொஃபினோ படகுத்துறையில நின்னா எதிர்த்தாப்புல அந்த தீவு தெரியும், படகுல போனா பெரிய மரங்களை சுத்தி பலகை பாதை போட்டிருக்காங்க, அந்த பாதை பக்கத்துலயே பட்டை உரிச்ச தழும்போட சீடர் நிக்குது.